வாணலியோடு மேடையேறிய இருவர்: ‘பாட்டம்’ தொடர் நாடகமான விதம்

ரிக் மேயலும் ஏட்ரியன் எட்மண்ட்சனும் ‘பாட்டம்’ என்ற தங்கள் தொலைக்காட்சித் தொடரை நாடகமாக்கிக்கொண்டு பிரிட்டனைச் சுற்றக் கிளம்பியது 1993-இல். தொடர் அதற்குள் பிபிசி-2இல் இரண்டு சீசன் ஓடியிருந்தது. டிவியில் பெயர் வாங்கிய நடிகர்கள் நாலு ஊருக்குப் போய் மேடையேறுவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். இவர்கள் விஷயத்தில் அது நாலு ஊரோடு நிற்கவில்லை. 1993, 1995, 1997, 2001, 2003 என்று ஐந்து நாடகங்களைப் புதிது புதிதாக எழுதி நடத்தினார்கள். டிவித் தொடரோ 1995-இலேயே 18 அத்தியாயங்களோடு முடிந்துவிட்டது. கணக்குப் பார்த்தால், ரிச்சி, எடி என்ற அந்த இரண்டு பாத்திரங்களும் திரையில் இருந்ததைவிட மேடையில் இருந்த காலம்தான் அதிகம்.

இதில் விளக்கம் கேட்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. ‘பாட்டம்’ சாதாரண வசன நகைச்சுவை இல்லை. தலையில் வாணலி, வயிற்றில் குத்து, ஃபிரிட்ஜ் கதவுக்கு இடையே கழுத்து என்று போகும் முரட்டு அடிதடி நகைச்சுவை. எடிட்டிங்கும் ரீடேக்கும் இருந்தால்தான் இதெல்லாம் சாத்தியம் என்று தோன்றும். அவை இரண்டுமே இல்லாத இடத்துக்கு இதைக் கொண்டுபோனார்கள், கொண்டுபோன இடத்தில் அது இன்னும் நன்றாக வளர்ந்தது. அடி பிசகும்போது அந்தப் பிசகை மூடி மறைக்காமல் கூட்டத்தின் முன்னால் பிரித்துப் போட்டார்கள். மேடையில் அவர்கள் வென்றது அதனால்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் அறிமுகம். லண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் ஓர் அழுக்கு ஃபிளாட். அதில் ரிச்சியும் எடியும். வேலை கிடையாது, காசு கிடையாது, சீந்துவதற்கு ஒரு பெண் கிடையாது. தான் நாகரிகமான பெரிய மனிதன் என்ற நினைப்பு ரிச்சிக்கு, அது மேயல். குடித்துவிட்டு அந்த நினைப்பை உடைப்பதே எடிக்குப் பொழுதுபோக்கு, அது எட்மண்ட்சன். கவுண்டமணி செந்திலை உதைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த உறவு உடனே பிடிபடும். என்ன, இங்கே உதை இரண்டு பக்கமும் போகும், ரத்தமும் தெறிக்கும்.

இவர்கள் மேடைக்குப் ‘போனார்கள்’ என்பதைவிடத் ‘திரும்பினார்கள்’ என்பதே சரி. இருவரும் 1975-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் மாணவர்களாகச் சந்தித்தவர்கள். ‘ட்வென்டியத் செஞ்சுரி கயோட்டி’ என்ற பெயரில் சின்னச் சின்ன இடங்களில் நடித்தார்கள். 1979-இல் லண்டன் சோஹோவில் காமெடி ஸ்டோர் என்ற நகைச்சுவை கிளப் திறந்தபோது அங்கே போனார்கள். அந்த மேடையில் ஒரு சேகண்டி இருந்தது. கூட்டத்துக்கு ஆளைப் பிடிக்கவில்லை என்றால் ஓங்கி அடித்து இறக்கிவிடுவார்கள். அடுத்த ஆண்டு பீட்டர் ரிச்சர்ட்சன் தொடங்கிய காமிக் ஸ்ட்ரிப் கிளப்பில் ‘டேஞ்சரஸ் பிரதர்ஸ்’ என்ற ஜோடியாக ஒருவரை ஒருவர் புரட்டியெடுத்தார்கள். 1982-இல் வந்த ‘தி யங் ஒன்ஸ்’ தொடர்தான் அவர்களை நாடறிந்த முகங்களாக்கியது. குடித்துவிட்டுக் கத்தும் கூட்டத்தை முதல் ஒரு நிமிடத்திலேயே தங்கள் பிடிக்குள் கொண்டுவரும் பழக்கம் அதற்கு முன்பே அவர்கள் உடம்பில் ஏறியிருந்தது.

‘பாட்டம்’ தொடங்கிய அதே 1991 இலையுதிர்காலத்தில், லண்டனின் குயின்ஸ் தியேட்டரில் இருவரும் சாமுவேல் பெக்கெட்டின் ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’ நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார்கள். மேயல் விளாடிமிர், எட்மண்ட்சன் எஸ்ட்ரகன். போக்கிடம் இல்லாத இரண்டு பேர், ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளவும் முடியாமல் பிரியவும் முடியாமல் நேரத்தைக் கடத்துகிறார்கள். மாலையில் அந்த நாடகம், டிவியில் ரிச்சியும் எடியும். இரண்டுக்கும் உள்ள உறவை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. தொடரிலேயே அந்தச் சாயல் இருக்கிறது. 1992-இல் வந்த ‘கல்ச்சர்’ அத்தியாயத்தில் டிவிப் பெட்டி போய்விட்டதால் இருவரும் செஸ் ஆட உட்காருகிறார்கள், அவ்வளவுதான் கதை. 1995-இல் வந்த ‘ஹோல்’ அத்தியாயம் முழுக்க ராட்டினத்தின் உச்சியில் இருவரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேறு ஆள் தேவைப்படாத, ஒரே இடத்தில் நடக்கும் இந்த அத்தியாயங்கள் ஏற்கெனவே பாதி நாடகங்கள். ‘ஹோல்’ முதல் மேடைப் பயணத்துக்குப் பிறகு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி அந்த வாணலிக்கு வருவோம். ஒரே ஓர் அடி டிவியில் எப்படி நடக்கிறது, மேடையில் எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்த்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

டிவித் தொடரையும் பார்வையாளர்களை உட்காரவைத்துத்தான் பதிவு செய்தார்கள். ஆனாலும் அங்கே பல கேமராக்கள் இருந்தன. ஓங்குவதை ஒரு கேமரா பிடிக்கும், விழுவதை இன்னொன்று பிடிக்கும். பட்டும் படாததுமாக இருக்கும் அந்தக் கணத்தில் வெட்டி ஒட்டிவிடலாம். சரியாக வரவில்லை என்றால் இன்னொரு டேக். ‘டங்’ என்ற சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு கோணம், அதுவும் இயக்குநர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கோணம்.

மேடையில் வெட்டு கிடையாது. வாணலி முகத்துக்கு முன்னால் கடந்து போக வேண்டும். நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஆழம் தெரியாது, எனவே பட்டதாகவே தோன்றும். பக்கவாட்டு பால்கனியில் இருப்பவருக்கோ முகத்துக்கும் வாணலிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்துவிடும். 1993 நாடகத்தைப் பதிவு செய்த சவுத்தாம்ப்டன் மேஃப்ளவர் தியேட்டரில் சுமார் 2,300 இருக்கைகள். அத்தனை கோணத்திலும் ஏமாற்ற முடியாது. ஆகவே அடியை நம்பவைக்கும் பொறுப்பு அடிப்பவரிடமிருந்து அடி வாங்குபவருக்கு மாறுகிறது. மேடைச் சண்டையின் அடிப்படை விதியே இதுதான்: முடியைப் பிடித்து இழுப்பது போலக் காட்டும்போதும் இழுபடுபவர்தான் உண்மையில் வண்டியை ஓட்டுகிறார். எந்தப் பக்கம் தலை திரும்ப வேண்டும், எப்போது கால் மடங்க வேண்டும், எல்லாம் அவர் கையில். ஓங்குபவர் வேண்டுமென்றே பெரிதாக ஓங்குவார். கண்ணோடு கண் ஒரு நொடி பேசிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வீச்சு.

அடுத்தது சத்தம். பழைய இத்தாலியக் கூத்துக் கலைஞர்கள் இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துக் கட்டிய கோல் ஒன்றை வைத்திருந்தார்கள். மெதுவாகத் தட்டினாலே பலகைகள் மோதிப் ‘பட்’டென்று கேட்கும். வலிக்கு நாம் சிரிப்பதில்லை, சத்தத்துக்கும் முகத்துக்கும்தான் சிரிக்கிறோம் என்பதை அவர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். இன்றைய மேடையில் ஒன்று, அடி வாங்குபவர் தன் கையாலேயே தன் உடம்பில் மறைவாகத் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும். அல்லது அரங்கின் பின்பக்கம் சவுண்ட் மேசையில் உட்கார்ந்திருப்பவர் சரியான கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். கண் இமைக்கும் நேரம் தாமதமானாலும் அடி செத்துவிடும். நடிகர் விழுந்த பிறகு ‘டங்’ என்று கேட்டால் மொத்த மாயமும் கலைந்துபோகும்.

மேயலும் எட்மண்ட்சனும் தனித்து நிற்பது இந்த இடத்தில்தான். வேறு நடிகர்களாக இருந்தால் பிசகு நடக்காதது போல ஆட்டத்தைத் தொடர்வார்கள். இவர்கள் நிறுத்துவார்கள். தாமதமான சத்தத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். தவறிய அடியை மறுபடி அடிக்கச் சொல்வார்கள். மேயல் வசனத்தை மறந்து நின்றால், கைகொடுக்க வேண்டிய எட்மண்ட்சன் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார். கூட்டம் சிரிக்கச் சிரிக்க, மேயல் திணறுவது நீளும். ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரத்தைவிட்டு வெளியே வந்துவிட்டால் மற்றவர் அவரை இன்னும் சீண்டுவார். கட்டுப்பாடான நாடகக் குழுவில் இது குற்றம். இவர்கள் மேடையில் அதுவே இரண்டாவது நாடகம்.

ஏன் இது வேலை செய்தது என்று யோசித்தால், ரிச்சிக்கும் எடிக்கும் உள்ள உறவும் ரிக்குக்கும் ஏட்ரியனுக்கும் உள்ள உறவும் மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துகொண்டதால்தான். ரிச்சி தன்னைப் பெரிய ஆளாகக் காட்டப் பார்ப்பவன், எடி அவன் காலை வாருபவன். மேயல் வசனத்தை மறந்து மாட்டிக்கொள்ள எட்மண்ட்சன் அதைக் கொண்டாடும்போது, பாத்திரம் கலைந்தாலும் உறவு கலைவதில்லை. மற்ற நாடகங்களில் நடிகர் வெளியே தெரிந்தால் கதை போய்விடும். இங்கே நடிகர் தெரியத் தெரியக் கதை கெட்டிப்பட்டது. பார்க்க வந்தவருக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு ஜோடிகள் கிடைத்தார்கள்.

பதிவுகளைப் பார்க்கும்போது எது தற்செயல், எது ஒத்திகை பார்த்தது என்று பிரிக்கவே முடியாத இடங்கள் நிறைய வரும். ஒருநாள் தவறுதலாக வந்த நல்ல சிரிப்பை அடுத்த ஊரில் வேண்டுமென்றே வரவழைப்பது மேடைக் கலைஞர்களின் நெடுநாள் வழக்கம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இவ்வளவு தாராளமாகத் தடம் மாற முடிந்ததற்குக் காரணம், திரும்பி வந்து சேரத் தடம் ஒன்று இறுக்கமாக எழுதப்பட்டிருந்ததுதான். எல்லா நாடகங்களையும் இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். எந்த வசனத்திலிருந்து விலகினோம், எங்கே போய் ஒட்ட வேண்டும் என்று எழுதியவர்களுக்குத்தான் தெரியும்.

சிரிப்பொலியும் ஒரு கணக்கு. அரைமணி நேர டிவி அத்தியாயத்தில் கூட்டம் அதிகம் சிரித்துவிட்டால் எடிட்டர் கொஞ்சம் நறுக்கிவிடலாம். மேடையில் சிரிப்பு எழுந்து, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனத்தைச் சொல்ல வேண்டும். முந்தினால் வசனம் மூழ்கிவிடும், முழு அமைதிக்குக் காத்திருந்தால் வேகம் படுத்துவிடும். ஊருக்கு ஊர் இந்த அளவு மாறும். அதோடு டிவி முகங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. திரை விலகி ரிச்சி தலை காட்டியதும், அவர் வாயைத் திறக்கும் முன்பே அரங்கம் ஆர்ப்பரிக்கும். அந்தக் கைதட்டலை எதிர்த்துப் போராடினால் தோல்வி நிச்சயம். மேயல் அதை ரிச்சியாகவே வாங்கிக்கொள்வார். தற்பெருமை பிடித்த ஒருவனுக்கு வாழ்நாளில் முதல்முறையாகக் கைதட்டல் கிடைத்தால் எப்படி நெளிவானோ அப்படி.

மேயலின் முகம் அவருடைய பெரிய சொத்து. மூக்கை விரித்து, உதட்டைச் சுழித்து அவர் காட்டும் சின்னச் சின்ன அசைவுகளை க்ளோஸ்-அப் அள்ளிக்கொடுத்தது. கடைசி வரிசைக்கு முகம் தெரியாது. எனவே அந்தச் சுழிப்பெல்லாம் இடுப்புக்கும் முழங்காலுக்கும் விரல்களுக்கும் இறங்கியது. அவர் மேடையில் நடக்கும் நடையே ஒரு வசனம். எட்மண்ட்சன் நேர்மாறாக அசையாமல் நிற்பதைக் கூட்டிக்கொண்டார். இருவரும் ஒரே நேரத்தில் துள்ளினால் கண்ணுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜோடியில் அவருடைய பங்கைப் பலரும் குறைத்தே பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மேடை கொடுத்த இன்னொரு விடுதலை, மொழி. பிபிசியில் இரவு 9 மணிக்கு மேல் ஒளிபரப்பானாலும் கெட்ட வார்த்தைகளுக்கு அளவு இருந்தது. பிரிட்டனில் நாடகங்களை முன்கூட்டியே தணிக்கை செய்யும் அதிகாரத்தை 1968-ஆம் ஆண்டின் நாடக அரங்குகள் சட்டம் ஒழித்துவிட்டது. டிவியில் ஜாடையாகச் சொன்னதை மேடையில் பச்சையாகச் சொன்னார்கள். இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஜாடையாகப் பேச வேண்டிய கட்டாயம் தொடரின் சில வசனங்களுக்குக் கொடுத்த கூர்மை மேடையில் ஆங்காங்கே மழுங்கியிருக்கிறது.

கதையமைப்பும் மாறியது. தொடரில் மதுக்கடை உண்டு, நண்பர்கள் ஸ்பட்கன், டேவ் ஹெட்ஜ்ஹாக் உண்டு. மேடையில் இருவர் மட்டும். இடைவேளையோடு ஒரு முழு மாலையை இரண்டே பேர் தாங்க, ஒரே ஃபிளாட்டைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. 1997-இல் ‘ஹூலிகன்ஸ் ஐலண்ட்’ நாடகத்தில் இருவரையும் ஆளில்லாத தீவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். 2003-இல் கழிப்பறையையே காலப்பயண எந்திரமாக்கினார்கள். டிவியில் எவ்வளவு ஆபாசமாக இருந்தாலும் அது நம்பக்கூடிய ஓர் அறைக்குள் நடந்தது. மேடை அந்தக் கூரையைப் பிய்த்துவிட்டது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் பிரிட்டனில் நகைச்சுவைக்குப் பெரிய அரங்குகள் திறந்த காலம். ராப் நியூமன், டேவிட் பதீல் ஜோடி 1993 டிசம்பரில் வெம்ப்ளி அரீனாவிலேயே நிகழ்ச்சி நடத்தியது. மேடைப் பதிவுகள் விஎச்எஸ் கேசட்டாக வீடுகளுக்குப் போயின. ‘பாட்டம்’ நாடகங்கள் ஐந்தும் அப்படி வந்தவைதான். இதற்கு முன்னோடிகளும் உண்டு. டிவியில் கொடிகட்டிப் பறந்த மோர்கம்பும் வைஸும் ஓரிரவு மேடை நிகழ்ச்சிகளுக்குப் போவதை ‘வங்கிக் கொள்ளை’ என்றே தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

அதற்கும் முன்னால், லாரலும் ஹார்டியும். ஹாலிவுட்டில் படங்கள் குறைந்த பிறகு 1947, 1952, 1953–54 ஆண்டுகளில் அவர்கள் பிரிட்டிஷ் மேடைகளைச் சுற்றினார்கள். படங்களில் பியானோவை மாடிப்படியில் உருட்டியவர்கள், வீட்டையே இடித்தவர்கள்; மேடையில் அதற்கெல்லாம் வழியில்லை. ஓட்டுநர் உரிமம் வாங்க வந்த இருவர் அதிகாரியைப் படுத்தும் பாடு போன்ற சின்ன அங்கங்களைத்தான் நடித்தார்கள். கூட்டம் வந்ததோ அவர்களை நேரில் பார்ப்பதற்காக. கடைசிப் பயணம் 1954 மே மாதம் பிளிமத்தில் ஹார்டியின் உடல்நலம் குலைந்ததும் நின்றது. திரையில் செய்ததைச் சின்னதாக்கி மேடைக்குக் கொண்டுவந்தார்கள் அவர்கள். நாற்பதாண்டு கழித்து வந்த மேயலும் எட்மண்ட்சனும் சின்னதாக்க மறுத்தார்கள்.

உடம்பு இந்தக் கலையின் முதலீடு. டிவியில் ஓர் அடியை ஒருமுறை சரியாக வாங்கினால் போதும். மேடையில் அதே முதுகு, அதே முழங்கால், இரவுக்கு இரவு. 1998 ஏப்ரலில் மேயல் தன் பண்ணையில் குவாட் பைக் விபத்தில் சிக்கித் தலையில் பலத்த காயத்தோடு ஐந்து நாட்கள் கோமாவில் கிடந்தார். அதற்குப் பிறகும் 2001-இல் மேடையேறினார். மண்டையில் அடி வாங்குவதையே வேலையாக வைத்திருந்த மனிதர், உண்மையிலேயே மண்டை உடைந்து பிழைத்து வந்து, மறுபடி அதே வேலையைச் செய்தார். அந்த நாடகத்தின் பதிவைப் பார்க்கும்போது ஒவ்வொரு வாணலி வீச்சிலும் எனக்கு வயிறு கலங்குகிறது, சிரிப்பும் வருகிறது.

2003 பயணத்தோடு எட்மண்ட்சன் போதும் என்றார். அப்போது அவருக்கு 46, மேயலுக்கு 45. வயதாகிவிட்டது என்பதையே காரணமாகச் சொன்னார். இளைஞர்கள் அடித்துக்கொண்டு விழுந்தால் சிரிக்கலாம், நடுவயது தாண்டியவர்கள் விழுந்தால் ‘பட்டிருக்குமோ’ என்ற பதைப்பு முந்திக்கொள்ளும். அடிதடிக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. மேயலுக்கு விடை கொடுக்க மனமில்லை.

2012 ஆகஸ்டில் ஒரு திருப்பம் வந்தது. ‘ஹூலிகன்ஸ் ஐலண்ட்’ நாடகத்தை அடிப்படையாக வைத்து, முதியவர்களாகிவிட்ட ரிச்சியையும் எடியையும் கொண்டு ஒரு டிவித் தொடர் எடுக்கப்போவதாக பிபிசி அறிவித்தது. டிவியிலிருந்து மேடைக்குப் போன சரக்கு மேடையிலிருந்து டிவிக்குத் திரும்ப இருந்தது. இரண்டே மாதத்தில் எட்மண்ட்சன் விலகிக்கொள்ள, திட்டம் நின்றது. எடுத்திருந்தாலும் சிக்கல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நாடகத்தின் உயிர், பிசகும் அடியிலும் மறந்துபோகும் வசனத்திலும் எதிரே உட்கார்ந்து கத்தும் கூட்டத்திலும் இருந்தது. டிவிக்கு எடுத்தால் முதலில் வெட்டுப்படுவது அவைதான்.

மேயல் 2014 ஜூன் 9 அன்று, 56-ஆம் வயதில் காலமானார். ஐந்து நாடகங்களின் பதிவுகளும் இருக்கின்றன. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் ‘கல்ச்சர்’ அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, பிரிஸ்டல் ஹிப்போட்ரோமில் பதிவான 1997 நாடகத்துக்குப் போகலாம். ஃபிளாட், ஃபிரிட்ஜ், சோபா, டிவி எல்லாம் பறிபோன பிறகும் அந்த இருவருக்கும் சண்டை போடக் காரணம் குறையவில்லை.